பெருநாளைக்கு விற்ற சேவல்



கொல்லையில் பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழிகளை இறைச்சிக்காக வளர்த்துவரும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். முதலாண்டில் அடைவைத்த பத்து முட்டைகளில் எட்டு பொரித்தனவாம். இப்போது ஐந்து பொரித்தாலே அதிகமாம். பொரித்த குஞ்சுகளும் நோஞ்சானாகவே வளர்கின்றனவாம். “தீவனத்தை மாற்றிப் பார்க்கலாமா?” என்று கேட்கிறார்.

தீவனத்தை மாற்றுமுன் அச்சகோதரி வேறொன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டுகளில் எந்தக் கோழிகளை விற்றார்? எவற்றை வீட்டில் வைத்துக்கொண்டார்? இதைக் கேட்கும் தகுதி, ஒரு பெரும் தவறு செய்த பிறகே எனக்குக் கிடைத்தது.

மதரஸாவில் பாடம் நடத்துபவனுக்குக் கோழி வளர்ப்பில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் மாத வருமானத்தைச் சொன்னால் கேட்கமாட்டீர்கள். தாமிரபரணிக் கரையோரச் சிற்றூரில், வீட்டுக்குப் பின்னால் இருபது சென்ட் நிலம் எங்களுக்கு உண்டு. தென்னையும் முருங்கையும் போக, அங்கே உலவும் கோழிகள் யாவும் என் மனைவியுடையவை. பிள்ளைகளின் பள்ளிச் செலவு பெரும்பாலும் அக்கோழிகளிலிருந்தே வந்தது.

2016-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம், கோழி வியாபாரி ஒருவர் சைக்கிளில் கூடையுடன் வந்தார். என் மனைவி தாய்வீட்டுக்குப் போயிருந்தார். பஞ்சாரத்தின் மேல் நின்று கூவிக்கொண்டிருந்த செஞ்சேவலைப் பார்த்த வியாபாரி, சந்தை விலைக்கு மேல் இருநூறு ரூபாய் தருவதாகச் சொன்னார். ஏறத்தாழ மூன்று கிலோ எடையுள்ள சேவல். பெருநாள் செலவு கண்முன் நின்றது. பிடித்துக் கொடுத்துவிட்டேன்.

மாலையில் திரும்பிய மனைவி, “அந்தச் சேவல் என் காசில் வாங்கியது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” என்று மட்டும் கேட்டார். மனைவியின் பொருள் மனைவிக்கே உரியது என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துபவன் நான். அன்று பதில் சொல்ல நா எழவில்லை.

எஞ்சியிருந்தது அச்சேவலின் மகன்களில் ஒன்று. ஒரு வியாபாரியும் வாங்க விரும்பாத சோனிச் சேவல். யாரும் வாங்காததால் வீட்டில் தங்கியது. வீட்டில் தங்கியதால் அடுத்து வந்த குஞ்சுகளுக்கெல்லாம் தந்தையாகிவிட்டது. அதனோடு சேர்ந்த பெட்டைகள் அதன் உடன்பிறப்புகளே. உடன்பிறந்தவை தமக்குள் இணைந்துகொண்டே வந்தால் கூமுட்டைகள் பெருகும். கருவிலேயே சாகும் குஞ்சுகள் பெருகும். பிழைத்தவையும் எடை கூடாமல் தேங்கும். ஒன்றரை ஆண்டுக்குள் இவையனைத்தையும் எங்கள் கொல்லையில் கண்டோம். நெல்லில் நல்ல மணியை விதைக்கு எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தை விற்கத் தெரிந்த நாம், கோழியில் மட்டும் விதையை விற்றுவிட்டுப் பதரை வைத்துக்கொள்கிறோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடைகளில் கிடைக்கும் பிராய்லர் கோழியில் இந்த வினாவே எழாது. அது பல தனி வம்சங்களைக் கலந்து உருவாக்கப்படுவது. வளர்ப்பவர் அதன் குஞ்சிலிருந்து அதே குணமுள்ள அடுத்த தலைமுறையை எடுக்க இயலாது. நாற்பது நாற்பத்தைந்து நாளில் இரண்டு கிலோ வரும் என்பது உண்மையே; ஆனால் ஒவ்வொரு முறையும் குஞ்சுக்குப் பிறர் கையையே எதிர்பார்க்க வேண்டும். நாட்டுக்கோழியோ ஒன்றேகால் கிலோ வர ஐந்தாறு மாதங்கள் ஆகும். மூட்டைத் தீவனத்தை மட்டும் போட்டு வளர்த்தால் கையைக் கடிக்கும். மேய்ச்சல், நொய், தவிடு, கீரை, கரையான் இவைதாம் அதற்குக் கட்டுப்படியாகும். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் அடைத்து, நீர் தெளித்து, மாலையில் புற்றருகே கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் ஏறியிருக்கும். என் உம்மா செய்துவந்த முறை இது. குஞ்சுகள் அதைக் கொத்தித் தின்னும் வேகத்தைப் பார்க்க வேண்டும்!

இனி எங்கள் கதையின் கசப்பான பகுதிக்கு வருகிறேன். 2018-ஆம் ஆண்டு மாசி மாத இறுதியில் கொல்லையில் முப்பத்தொரு உருப்படிகள் இருந்தன. ஒரு காலை இரண்டு கோழிகள் இறகைத் தொங்கவிட்டு நின்றன. மறுநாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன. ஒன்றுக்குக் கழுத்துத் திருகியது. வெள்ளைக் கழிச்சல் என்று நம்மவர் கூறும் இராணிக்கெட் நோய் அது. இமயமலைப் பகுதியிலுள்ள ஓர் ஊரின் பெயர் அதற்கு. உலகின் பிற பகுதிகளில் நியூகாசில் நோய் என்பர். வந்தபின் அதைத் தீர்க்கும் மருந்து கிடையாது.

மூன்றாம் நாள் அதே வியாபாரி வந்தார். நின்றுகொண்டிருந்த பதினான்கையும் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மகளின் பள்ளிக் கட்டணத்துக்குத் தவணை நெருங்கிக்கொண்டிருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், என் மனம் இசைந்துவிட்டது. இம்முறை மனைவி வீட்டில் இருந்தார். “நம் வீட்டு நோயை அடுத்த ஊருக்குக் காசுக்கு விற்பதா?” என்றார். “எல்லோரும் விற்கத்தானே செய்கிறார்கள், தாயே” என்று கூறிவிட்டு வியாபாரி வேறு தெருவுக்குப் போனார். பொருளின் குறையை மறைத்து விற்பது கூடாது என்பதை நாமனைவரும் அறிவோம். ஆனால் நோய்க் கொல்லையிலிருந்து கூடைக்குப் போகும் கோழி, பார்வைக்கு நன்றாயிருந்தாலும் நோயைச் சுமந்து செல்லக்கூடும் என்பதை எத்தனை பேர் எண்ணுகிறோம்? ஊர் ஊராக இந்நோய் பரவுவதற்குக் கூடைகளும் சந்தைகளும் பெருங்காரணம்.

எட்டு நாளில் ஐந்து கோழிகள் மிஞ்சின. செத்தவற்றை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைத்தோம். வாய்க்காலில் எறிந்தால் நாயும் காகமும் நோயைப் பரப்பும். கட்டணத்துக்கு என் சகலையிடம் கடன் வாங்கினேன். அதை அடைக்க ஓராண்டு ஆயிற்று.

“நாட்டுக்கோழிக்கு நோய் வராது” என்ற பேச்சை நம்பித் தடுப்பு மருந்து போடாமல் இருந்ததும் எங்கள் பிழையே. குஞ்சுக்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஊசி. பிறகு மருத்துவர் கூறும் இடைவெளியில் தொடர வேண்டும். அரசுக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். கோடைக்கு முன்பாக முகாம்களும் நடத்துவதுண்டு. வாய்வழியாகக் கொடுக்கும் உருண்டை மருந்தையும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ளது. ஊசி மருந்தைப் பனிக்கட்டி வைத்தே எடுத்துவர வேண்டும். வெயில் பட்டால் அது வெறும் தண்ணீர்தான். நலமாயிருக்கும் கோழிக்கே போட வேண்டும், சோர்ந்த கோழிக்கு அல்ல.

மிஞ்சிய ஐந்தும் பெட்டைகள். இராமநாதபுரம் பக்கத்து உறவினர் ஒருவர் தம் சேவலைத் தந்தார். அதற்கு அசில் கலப்பு உண்டு. ‘அஸீல்’ என்பது வேரையுடையது, நற்குலத்தது எனப் பொருள்படும் அரபுச் சொல். அப்பெயர் எப்படியோ நம் கோழிக்கூட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அசில் சேவல் நல்ல எடைக்கு வளரும். ஆனால் அவ்வினப் பெட்டைகள் முட்டை குறைவாகவே இடும். ஆகவே அரைக்கலப்பே எங்களுக்குப் போதும் என்று என் மனைவி முடிவு செய்தார். (சேவற்சண்டைக்கென அவ்வினத்தை வளர்ப்போர் உண்டு. உயிர்களை மோதவிட்டு மகிழ்வது நமக்கு ஆகாது.) புதுச்சேவலை மூன்று வாரம் தனியே கட்டிவைத்துப் பார்த்த பிறகே உள்ளே விட்டோம்.

அன்று முதல் மனைவியிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எந்தப் பெட்டை எத்தனை முட்டையை அடைகாத்தது, எத்தனை பொரித்தது, பருந்துக்கும் கீரிக்கும் எத்தனையைப் பறிகொடுத்தது என்பன அதில் உள்ளன. குஞ்சுகளுக்குப் பன்னிரண்டு வாரம் ஆனதும் சமையலறைத் தராசில் சேவற்குஞ்சுகளை நிறுக்கிறார். எடை மிகுந்த இரண்டின் காலில் சிவப்பு நூல் கட்டப்படும். அவற்றின் தாய் நன்றாக அடைகாத்துக் குஞ்சுகளைப் பேணியவளா என்பதையும் நோட்டில் பார்க்கிறார். எடை மட்டும் போதாது. சிவப்பு நூல் கட்டியவை விற்பனைக்கல்ல. ஒன்று இங்கே தங்கும். மற்றொன்று வெளியூர்ச் சேவலுக்கு மாற்றாகப் போகும்.

மற்றவை விற்பனைக்கும் எங்கள் சட்டிக்கும். அறுப்பதற்கு மூன்று நாள் முன்பே பஞ்சாரத்தில் அடைத்துத் தூய தீனி கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டல்லவா? இப்னு உமர் (ரலி) அவர்கள் கோழியை மூன்று நாள் அடைத்துவைத்ததாக வரும் செய்தியோடு ஒத்த வழக்கம் அது. இன்று பல வீடுகளில் மறந்துவருகிறது.

எழுதிய சகோதரிக்கு: இப்போதுள்ள சேவலை உடனே நீக்கிவிடுங்கள். உறவில்லாத ஊரிலிருந்து ஒன்றைக் கொண்டுவாருங்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு மூன்று வாரம் தங்கியிருக்கும். ஆகவே புதுச்சேவல் சேர்ந்து மூன்று வாரம் கழித்து வரும் முட்டைகளையே அடைவையுங்கள். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டை வேண்டாம். அடைவைத்த ஏழாம் நாள் இரவு, முட்டைக்குப் பின்னால் டார்ச் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் நரம்பு ஓடாதவை கூமுட்டைகள். இருபத்தொன்றாம் நாள் பொரித்த எண்ணிக்கையைக் குறித்துவைத்து எனக்கு எழுதுங்கள்.