காருக்கு ஒப்பாரியா?

ஒரு காரைப் பற்றி நான் கட்டுரை எழுதவேண்டும் என்று எனக்கு ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது. விண்ணப்பித்தவர் வேறு யாருமல்ல. என் பெரியப்பா மகன், எனக்கு ஆறு வயது மூத்த அண்ணன். பெங்களூரில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார். போன ஆடி மாதம் தருமபுரிக்கு வந்தவர், என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "தம்பி, நம்ம பழைய எஸ்டேட் கார் ஞாபகம் இருக்குதா? அதே மாதிரி வண்டி ஒண்ணு எனக்குக் கெடச்சிருக்குது. வாங்கிப் புதுசு பண்ணிக்கிட்டிருக்கேன். நீ அதைப் பத்தி எழுதணும். ஒரே வண்டியில பத்துப் பேர் ஒகேனக்கல் போனோமே, அந்தக் காலம் இனி வருமா?" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அது பொய்க் கலக்கமல்ல. அண்ணன் நல்லவர்.

எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன், எழுதியும்விட்டேன். அதுதான் இது. ஆனால் அவர் கேட்ட கட்டுரை இதுவல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நாணயம்.

எஸ்டேட் கார் என்றால் என்னவென்று தெரியாத வாசகர்கள் இருக்கக்கூடும். சாதாரணக் காரில் மனிதர் உட்காரும் இடம் வேறு, சாமான் போடும் டிக்கி வேறு. எஸ்டேட் காரில் கூரை வால் வரைக்கும் நீண்டிருக்கும். மனிதரும் சாமானும் ஒரே அறைக்குள் இருப்பார்கள். பின்பக்கம் ஒரு கதவு உண்டு. அமெரிக்கர்கள் இதை ஸ்டேஷன் வாகன் என்றார்கள். ரயிலடியிலிருந்து ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றிவந்த வண்டி என்பதால் அந்தப் பெயர். இங்கிலாந்துக்காரர்கள் எஸ்டேட் கார் என்றார்கள். அங்கே பண்ணைச் சீமான்களின் பங்களாவுக்கு விருந்தாளிகளையும் வேட்டைச் சாமான்களையும் சுமந்த வண்டி அது. நம் நாட்டிலும் இந்த ரகம் ஓடியது. சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1960-களில் ஹெரால்டு காரிலேயே இப்படி ஒன்று செய்தது. 1992-ஆம் ஆண்டில் டாட்டா எஸ்டேட் வந்தது.

எங்கள் ஊருக்கு ஸ்டேஷன் வாகன் என்ற பெயர் ஒரு வகையில் மிகவும் பொருத்தம். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ஆம் ஆண்டில் ஒரு குட்டி ரயில் வந்தது. 1941-இல் அது நின்றுபோயிற்று. அப்புறம் சென்னை ரயிலைப் பிடிக்க மொரப்பூருக்குப் போகிறவர்களுக்கு பஸ்ஸை விட்டால் கார்தான். 36 கிலோமீட்டரில் அந்த ரயிலை மறுபடியும் கொண்டுவருவதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2019-இல்தான். ஊருக்கே பொதுவாக ஓடிய அந்த ரயிலுக்காக எங்கள் குடும்பத்தில் யாரும் கண்கலங்கி நான் பார்த்ததில்லை. காருக்குத்தான் கலங்குகிறார்கள்.

பெரியப்பாவுக்குப் புளி மண்டி. 1980-களின் கடைசியில் அவர் ஒரு எஸ்டேட் காரை செகண்ட் ஹாண்டில் வாங்கினார். எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே வேண்டாம்; நான் சொல்லவந்த குற்றம் வண்டியுடையது அல்ல. அந்த வண்டி உழைத்த உழைப்பை நான் மறுக்கவும் இல்லை. வாரத்தில் ஆறு நாள் அதில் புளி மூட்டை போகும். ஏழாம் நாள் கழுவித் துடைத்துக் குடும்பத்தை ஏற்றும். நள்ளிரவில் பக்கத்து வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலித்தபோது சேலத்துக்கு ஓடியதும் அந்த வண்டிதான். சீட்டில் ஊறிப்போன புளி வாசனை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. ஆகவே வாசனை தெரியாதவன் பேசுகிறான் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் அண்ணன் சொன்ன கணக்கு தப்பு. பத்துப் பேர் இல்லை; பதினோரு பேர். டிரைவரை அவர் எண்ணவில்லை.

மற்றவர்கள் எங்கே உட்கார்ந்தோம் என்பதையும் சொல்கிறேன். முன்னால் டிரைவர், பெரியப்பா, இருவருக்கும் நடுவே அண்ணன். அடுத்த சீட்டில் பாட்டி, பெரியம்மா, என் அப்பா, என் அம்மா. அதற்கும் பின்னால், சாமான் போடுகிற வெறுந்தரையில், ஒரு ஜமுக்காளத்தை விரித்து நான், என் தங்கை, பெரியப்பாவின் கடைசிப் பெண், எங்களோடு அத்தை. மடியில் புளியோதரைத் தூக்கு. பிடித்துக்கொள்ள ஸ்டெப்னி டயர். தொப்பூர் கணவாயில் டிரைவர் பிரேக் போட்டால் எங்கள் முதுகில் ஜாக்கி வந்து இடிக்கும்.

அத்தை பெரியப்பாவின் தங்கை. இருபத்தாறு வயதில் தாலியறுத்து அண்ணன் வீட்டுக்கு வந்தவர். பதினோரு பேருக்கும் விடியற்காலையில் எழுந்து கட்டுச்சோறு கட்டியவர் அவர்தான். ஆனால் புறப்படுகிற நேரத்தில் அவர் யார் கண்ணிலும் எதிர்ப்படமாட்டார். மற்றவர்கள் வாசலுக்கு வருவதற்கு முன்னாலேயே பின்கதவு வழியாக ஏறி, ஜமுக்காளத்தில் ஒடுங்கி உட்கார்ந்துவிடுவார். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது அவர் எதிரே வரக்கூடாதாம். யாரும் அவரை அப்படி உட்காரச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. சொல்லவேண்டிய அவசியமே இல்லாதபடி அந்த வீடு நடந்தது.

இந்த வண்டியின் பின்கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. சாமான் எதற்காகக் கதவைத் திறக்கப்போகிறது? வண்டி செய்தவர்கள் மேல் தப்பில்லை. அங்கே ஒரு மனுஷியை உட்காரவைப்பார்கள் என்று அவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள். பென்னாகரத்தில் டீக்கடை முன்னால் வண்டி நின்றதும் நாங்கள் குழந்தைகள் சீட்டின் மேல் தாவிக் குதித்து ஓடிவிடுவோம். அத்தையால் தாவ முடியாது. யாராவது வந்து திறக்கிற வரையில் அவர் உள்ளேயே இருப்பார். சில சமயம் வந்து திறப்பார்கள். பல சமயம் கண்ணாடி வழியாக ஒரு டம்ளர் டீ போகும், கதவு திறக்காது.

1990-ஆம் ஆண்டு ஆடிப் பதினெட்டு. ஒகேனக்கல்லில் கூட்டமோ கூட்டம். பென்னாகரத்திலிருந்து இறங்குகிற மலைப்பாதை வளைவுகளிலேயே அத்தைக்குக் குமட்ட ஆரம்பித்துவிட்டது. வண்டி நின்றதும் எல்லாரும் ஆற்றைப் பார்க்க ஓடினோம். அவர் கதவைத் திறந்திருப்பார் என்று இவர் நினைத்தார். இவர் திறந்திருப்பார் என்று அவர் நினைத்தார். நான் பரிசலைப் பார்க்கிற அவசரத்தில் ஒன்றுமே நினைக்கவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, பசியெடுத்து, சோற்றுத் தூக்கு எங்கே என்று தேடியபோதுதான் அத்தையின் நினைவே வந்தது. போய்ப் பார்த்தால், சாப்பிடப் போயிருந்த டிரைவர் எங்களுக்கு முன்னால் திரும்பிவந்து கதவைத் திறந்துவிட்டிருந்தார். வெயிலில் நின்ற வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாந்தி எடுத்த புடவைத் தலைப்பை அத்தை கழுவிக்கொண்டிருந்தார். "ஏம்மா, கூப்பிடக் கூடாதா?" என்று பெரியப்பா கேட்டார். அத்தை பதில் சொல்லவில்லை. "அம்மா ரொம்ப நேரம் கண்ணாடியத் தட்டுனாங்களாம்" என்று டிரைவர்தான் மெல்லச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் பரிமாற, நாங்கள் சாப்பிட்டோம். இந்தச் சாப்பாட்டைத்தான் அண்ணன், "அந்த ருசி இனி வருமா?" என்று கேட்கிறார்.

'யாரோ ஒருவருக்கு அசௌகரியம் நேர்ந்தது என்பதற்காக ஒரு காலத்தையே பழிப்பதா? அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து போனோமே, இன்றைக்கு ஆளுக்கொரு காரில் போகிறோமே' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சேர்ந்து போவது நல்லது என்பதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. ஆனால் சேர்ந்து போனதற்காக அழுகிறவர்கள் யார் என்று கவனித்துப் பாருங்கள். முன்சீட்டில் உட்கார்ந்தவர்கள்தான் அழுகிறார்கள். 2014-ஆம் ஆண்டில் அம்பாசடர் உற்பத்தி நின்றபோது பத்திரிகைகளில் எத்தனை இரங்கல்! சீட்டின் அகலத்தையும் கதவின் கனத்தையும் பற்றி அவ்வளவு எழுதினார்கள். வெயிலில் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு காத்து நின்ற டிரைவரைப் பற்றி எத்தனை பேர் எழுதினார்கள்? அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே 1980-களில் மினிவேன் வந்து ஸ்டேஷன் வாகனை ஓரங்கட்டியது. பெரிய வாகன்களின் கடைசி வரிசையில் பின்னோக்கி உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு வயதாகி, இன்று அவர்களும் ஏங்குகிறார்கள். அந்தப் பிள்ளைகளின் ஏக்கத்தை நான் குறை சொல்லவில்லை. குழந்தைக்கு எந்த இடமும் விளையாட்டுத்தான். எனக்கும் அந்த ஜமுக்காளம் விளையாட்டாகத்தான் இருந்தது. ஐம்பது வயதுப் பெண்மணிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதே என் கேள்வி.

இன்னொரு சங்கதி. இவ்வளவு உருகுகிறார்களே, வாங்குகிற வயதும் வசதியும் வந்தபோது இவர்கள் இந்த வண்டியை வாங்கினார்களா? விற்காமலா இருந்தார்கள்? மாருதியில் பலேனோ அல்டூரா வந்தது. ஓப்பலில் கோர்சா ஸ்விங் வந்தது. 2004-இல் டாட்டா இண்டிகோ மெரினா வந்தது. எல்லாம் வால் நீண்ட வண்டிகள். எல்லாம் விலைபோகாமல் மறைந்தன. அண்ணன் அப்போது கார் வாங்கக் கிளம்பினார்; நானும் கூடப் போனேன். மெரினாவைக் காட்டியதும், "என்னடா இது, ஆம்புலன்ஸ் மாதிரி இருக்குது" என்று முகத்தைச் சுளித்தார். தனி டிக்கி வைத்த காரைத்தான் வாங்கினார். அவர் மட்டுமல்ல, நாடே அப்படித்தான் வாங்கிற்று. 2006-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார்கள். கம்பெனிகள் காரின் வாலை வெட்டத் தொடங்கின. 2008-இல் இண்டிகோவை வெட்டினார்கள். 2012-இல் டிசையரை வெட்டினார்கள். வெட்டியும், மிச்சமிருந்த சாண் இடத்தில் டிக்கி என்று ஒன்றை ஒட்டவைத்தார்கள். ஏன்? டிக்கி இல்லாவிட்டால் அது கார் இல்லை, அந்தஸ்து இல்லை என்று நாம்தான் சொன்னோம். உயிரோடிருந்தபோது வீட்டுக்குள் சேர்க்காதவர்கள், செத்த பிறகு படம் மாட்டி மாலை போடுவதைப் போன்றது இந்த அழுகை.

போகட்டும், இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிடலாமா? அதுவும் முடியாது. 2000-இல் குவாலிஸ் வந்தது, 2005-இல் இன்னோவா வந்தது. மூன்றாம் வரிசைக்கு உண்மையான சீட்டே வந்துவிட்டது, பெல்ட்டும் வந்துவிட்டது, ஜமுக்காளம் போயிற்று. ஆனால் அந்த மூன்றாம் வரிசையில் உட்காருவது யார்? அடுத்த முறை கல்யாணத்துக்குக் கிளம்பும்போது எண்ணிப் பாருங்கள். கல்யாணமாகாத சித்தி, கணவனை இழந்த நாத்தனார், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த வேலைக்காரப் பெண். வழியில் அவர்கள் இறங்கவேண்டுமானால் நடுவரிசைக்காரர் எழுந்து சீட்டை மடக்கி வழிவிடவேண்டும். "இப்பத்தானே இறங்கினீங்க?" என்று ஒரு முணுமுணுப்பு எழும். அதற்குப் பயந்தே அவர்கள் புறப்படுவதற்கு முன்னால் தண்ணீர் குடிப்பதில்லை. இது உங்கள் வீட்டில் நடப்பதில்லை என்றால் உங்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். எங்கள் வீட்டில் போன வருஷம் வரைக்கும் நடந்தது.

அத்தை இன்றைக்கும் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது, என் வீட்டில்தான் இருக்கிறார். அண்ணன் கேட்டுவிட்டுப் போன அன்று இரவு அவரிடம், "அத்தை, நம்ம பழைய வண்டி ஞாபகம் இருக்குதா? ஒகேனக்கல் போவோமே?" என்று கேட்டேன். கொஞ்சநேரம் யோசித்தார். "எனக்கு என்ன தெரியும் கண்ணு? யார் வந்து கதவு திறப்பாங்கன்னு பாத்துக்கிட்டிருப்பேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து அந்த வண்டியைப் பற்றி அவருக்கு மிஞ்சியிருப்பது அதுதான்.

அந்தக் கதவைத் திறக்க மறந்தவர்களில் நானும் ஒருவன். சின்னப் பையன் என்று எனக்கு நானே மன்னிப்பு வழங்கிக்கொள்ளலாம். ஆனால் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் அவரோடு உட்கார்ந்திருந்தவன் நான். அவர் தாவ முடியாது என்று எல்லாரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஆகையால், அண்ணா, உங்களுக்கு ஒரு வார்த்தை. வண்டியைப் புதுசு பண்ணுங்கள், நான் தடுக்கவில்லை. வருகிற ஆடிப் பதினெட்டுக்கு அதிலேயே ஒகேனக்கல் போவோம். அத்தை முன்சீட்டில் உட்காரட்டும், எல்லாரும் பார்க்கும்படி வாசல்வழியாக வந்து ஏறட்டும். டிரைவரையும் சேர்த்து எண்ணிக்கொண்டு அவருக்கும் நம்மோடு இலை போடுவோம். பின்னால் ஜமுக்காளம் விரித்து நீங்களும் நானும் உட்காருவோம். வேண்டுமானால் மடியில் தூக்கை வைத்துக்கொள்ள நான் தயார். பென்னாகரத்தில் வண்டி நிற்கும்போது, நமக்குக் கதவைத் திறந்துவிடுவதா வேண்டாமா என்பதை அத்தை டீ குடித்து முடித்த பிறகு தீர்மானிக்கட்டும்.

அப்படிப் போய்வந்த பிறகும் அந்தக் காலம் பொற்காலம் என்று உங்களுக்குத் தோன்றினால், நீங்கள் கேட்ட கட்டுரையை நீங்களே எழுதுங்கள். எந்தப் பத்திரிகையில் வந்தாலும் நான் படிக்கிறேன்.