அந்த அழைப்பைத் தட்டாதீர்கள்



“உங்கள் பையனைப் பற்றிக் கொஞ்சம் பேசணும், பள்ளிக்கு வர முடியுமா?” என்று மனநல ஆலோசகர் கூப்பிட்டால், பல வீடுகளில் முதலில் பிள்ளைக்கு அடி விழுகிறது. அடுத்து, “எங்க பிள்ளைக்கு என்ன பைத்தியமா?” என்று அவர்மீது கோபம் திரும்புகிறது. இரண்டும் வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நன்றாகப் படித்த பிள்ளையின் மதிப்பெண் திடீரென்று சரியும். திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி வரும். சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்பும். வகுப்பு முழுவதையும் பார்த்துக்கொண்டு பாடத்தையும் முடிக்க வேண்டிய ஆசிரியரால், அந்த ஒரு பிள்ளையோடு அரைமணி நேரம் உட்கார முடிவதில்லை. ஆலோசகர் உட்காருகிறார். குறுக்கே பேசாமல் கேட்கிறார். பரீட்சை பயம் என்று தொடங்கும் பேச்சு, அப்பாவின் குடியிலோ, வாசலில் வந்து கத்திய கடன்காரரிடமோ, கூடப் படிப்பவனின் சாதிப் பேச்சிலோ போய் முடியும். பெற்றோரையும் அவர் அழைப்பது இதனால்தான். வீடு மாறாமல் பிள்ளை மட்டும் தேறுவது கடினம்.

பிள்ளை மனம்விட்டுச் சொன்னதை ஆலோசகர் நாலு பேரிடம் சொல்ல மாட்டார். ஆனாலும், உயிருக்கு ஆபத்து என்றால் பெற்றோரிடம் சொல்லியாக வேண்டும். பாலியல் கொடுமை என்றால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும்.

ஆனால் எல்லாப் பள்ளிகளிலும் ஆலோசகர் இல்லையே! 2023-இல் நாங்குநேரியில் சாதிப் பகையால் ஒரு மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்று 2024-இல் பரிந்துரைத்தது. அது நடக்கும்வரை தொலைபேசியாவது துணைக்கு இருக்கிறது: மாணவர்களுக்கு 14417, எந்நேரமும் மனநல ஆலோசனைக்கு 14416, ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு 1098. இந்த எண்களைப் பிள்ளையின் நோட்டு அட்டையில் எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்றும் நம் கையில் இருக்கிறது. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரே இருக்க வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். கழிப்பறைக்கும் சுற்றுச்சுவருக்கும் தீர்மானம் போடுகிறோம். அடுத்த கூட்டத்தில், ‘எங்கள் பள்ளிக்கு ஓர் ஆலோசகர் வேண்டும்’ என்றும் ஒரு தீர்மானம் போடுங்கள். போட்டதும் எங்களுக்கு எழுதுங்கள். இந்த இதழில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்