கர்ப்பிணிக்கு அரிப்பா? கவனம் தேவை!

பசுவந்தனை வட்டாரம் கரிசல் பூமி. வெயிலில் பருத்தி எடுக்கும் பெண்ணுக்கு உடம்பு அரித்தால், "காட்டுத் தூசி" என்று விட்டுவிடுவது எளிது. அவள் கர்ப்பிணி என்றால், அப்படி விடக்கூடாது.

கர்ப்ப காலத்தில் உடம்பில் ஹார்மோன் பெருகும். முகத்தில் மங்கு விழும். கடைசி மாதங்களில் சிலருக்கு வயிற்றுக் கோடுகளில் தடிப்பு வரும். இந்தத் தடிப்பு பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது. பிரசவத்துக்குப் பின் அடங்கிவிடும்.

ஆபத்தான அரிப்பு வேறு. தோலில் தடிப்பு இராது. உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கும். இரவில் தூங்க விடாது. இது ஈரல் கோளாறு. ஹார்மோனைத் தாங்காத சிலருக்கு ஈரலில் பித்த ஓட்டம் குறையும். பித்த அமிலம் ரத்தத்தில் சேரும். அது மிகவும் ஏறினால், பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிடக்கூடும்.

வேப்பிலை அரைத்துப் பூசினால் ரத்தத்தில் ஏறிய பித்தம் இறங்காது. ரத்தப் பரிசோதனை செய்தால் நோய் தெரியும். டாக்டர் மருந்து தருவார். தேவையானால் பிரசவத்தை முன்கூட்டியே நடத்துவார்.

கோவில்பட்டியில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. கணவரும் மாமியாரும் உடனே அழைத்துப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போனால், மறுநாள் சம்பாதிக்கலாம். பிள்ளை போனால் வருமா?