செய்யாத கொலைக்குக் கைதா?



மாமா வீட்டில் 'மைனாரிட்டி ரிப்போர்ட்' படம் பார்த்தேன். பிலிப் கே. டிக் 1956-ல் எழுதிய சிறுகதையை 2002-ல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் படமாக்கினார். கதை நடப்பது 2054-ல், வாஷிங்டன் நகரத்தில். நடக்கப்போகும் கொலையை முன்கூட்டியே காணும் மூன்று பேரைத் தண்ணீர்த் தொட்டியில் படுக்க வைத்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதும், கொலை செய்யப்போகிறவர் பேர் ஒரு மர உருண்டையில் வந்து விழும். போலீஸ் பறந்து வந்து பிடித்துவிடும். கோர்ட், வக்கீல் எதுவும் கிடையாது. தலையில் வளையம் மாட்டி, குழாய் மாதிரி கூண்டுக்குள் தூங்க வைத்துவிடுவார்கள்.

ஆறு வருஷமாக அங்கே கொலையே இல்லையாம். "அப்ப நல்லதுதானே?" என்றான் தம்பி. எனக்கு மனசு ஒப்பவில்லை. முதலில் பிடிபடும் ஆள் கத்தரிக்கோலை ஓங்கி நிற்கிறார். கையைப் பிடித்துத் தடுத்தார்களே, அது ரொம்ப சரி. ஓங்கியதற்கு வழக்குப் போடட்டும். ஆனால் தடுத்ததுமே கொலை இல்லாமல் போச்சே! இல்லாத கொலைக்கு எதற்குத் தண்டனை?

இதைவிட அநியாயம், மூவரில் ஒருவர் மட்டும் வேறு மாதிரி கண்டால் அந்தப் பதிவை அழித்துவிடுவார்களாம். எத்தனையோ பேரைப் பிடித்த ஆண்டர்டன் என்ற அதிகாரி, உருண்டையில் தன் பேரே வந்ததும் ஓடுகிறார்! மற்றவர்கள் கதறியபோது அவர் நின்று கேட்டாரா?

போன மாதம் எங்கள் லீடர், சார் வருவதற்கு முன்பே போர்டில் 'பேசுவோர்' என்று என் பேரை எழுதி வைத்தாள். கேட்டால், "நீ எப்படியும் பேசுவே" என்கிறாள். அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. (மறுநாள் பேசினேன், அது வேற!)

— 9-ஆம் வகுப்பு மாணவி