எடின்பரோ டிராமும் பொதுஜனப் பணமும்

ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில், வடக்கே கிரான்டனிலிருந்து நகரின் தென்பகுதிக்குச் செல்லும் புதிய டிராம் பாதையைப்பற்றி நகரசபை 2025-ல் பொதுஜன அபிப்பிராயம் கோரியது. உலகப் பாரம்பரியச் சின்னமென 1995-ல் அங்கீகரிக்கப்பட்ட அப்புராதன நகருக்கு நவீன டிராம் பொருந்துமா என்ற ஐயம் இன்று பெரிதல்ல. 2024-ம் வருஷத்தில் மாத்திரம் ஒரு கோடிக்கு மேற்பட்ட பிரயாணங்கள் நடந்திருக்கின்றன. ஜனப் பிரதிநிதிகளுக்கு உண்மைக் கணக்குச் சொல்லப்படுமா என்பதே இப்போதுள்ள கேள்வி.

பழைய டிராம்கள் 1956-ல் நின்றுபோயின. புதிய பாதை விமான நிலையத்திலிருந்து கடற்கரையிலுள்ள நியூஹேவன் வரையில் 54 கோடியே 50 லட்சம் பவுனுக்குள், 2011-ல் முடியும் என்று நம்பிக்கை ஊட்டினார்கள். நடந்ததோ வேறு. 77 கோடியே 60 லட்சம் பவுன் செலவாகி, 2014 மே 31-ந் தேதி வண்டி ஓடியபோது, பாதை நகர மத்தியிலுள்ள யார்க் பிளேஸோடு நின்றுவிட்டது.

காரணம் என்ன? வீதிகளுக்கடியிலுள்ள குழாய்களையும் கம்பிகளையும் அப்புறப்படுத்தி முடியுமுன்னும், திட்டப் படங்கள் பூர்த்தியாகுமுன்னும் கண்டிராக்டில் கையெழுத்திட்டனர். பின்பு கண்டிராக்டர்களோடு ஓயாத தகராறு. ஹார்டி பிரபுவின் விசாரணை அறிக்கை 2023 செப்டம்பரில் வெளிவந்தது. நகரசபைக்குச் சொந்தமான டிராம் கம்பெனியே முதற் குற்றவாளி என்றும், கவுன்சிலர்களுக்குச் சரியான தகவல் அளிக்கப்படவில்லை என்றும் அது கூறிற்று. 50 கோடி பவுன் வரை கொடுக்க உடன்பட்ட ஸ்காட்லாந்து மந்திரிகள், மேற்பார்வையைத் தளர்த்தியதையும் அது கண்டித்தது.

தெரிந்தே பொய் அறிக்கை கொடுப்போரைத் தண்டிக்கப் புதுச் சட்டம் செய்வதைப்பற்றி ஆலோசிக்கவேண்டும் என்று அவர் சிபார்சு செய்திருக்கிறார். அதை நாம் வரவேற்கிறோம். எனினும் அது மட்டும் போதாது. விசாரணை முடிய 9 வருஷங்களும், ஒரு கோடியே 30 லட்சம் பவுனும் ஆயின. அதற்குள் அந்தக் கம்பெனியே கலைந்துவிட்டது. வெள்ளம் வடிந்தபின் அணை கட்டுவதால் பயனென்ன?

வேறு வழி உண்டென்பதை அதே நகரம் காட்டிவிட்டது. நியூஹேவன் நீட்டிப்பில் ஒவ்வொரு வீதியையும் ஒரே தடவை தோண்டி, எல்லா வேலையையும் முடித்தபின்னரே திறந்தனர். 2023 ஜூனில், மதிப்பிட்ட 20 கோடியே 70 லட்சம் பவுனுக்குள்ளாகவே அது முடிந்தது.

ஆகவே குறை டிராமில் இல்லை. மறைத்து நடத்திய நிர்வாகத்தில்தான் இருந்தது. புதிய பாதைக்கு ஒப்பந்தம் செய்யுமுன், மண்ணுக்கடியில் இருப்பதையும், வரக்கூடிய நஷ்டத்தையும் வரி செலுத்துவோர் முன் பகிரங்கமாக வைக்கவேண்டும். அவர்கள் பணத்தைச் செலவிடும் எந்தச் சபைக்கும் இதுவே முதற் கடமை என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.