பெயர் வெளியே வந்தாலே பிரச்னைதான்! - 140 கிலோ உடம்பை வேலைக்காகச் சுமந்தவர்கள்

டெய்லர் ஸ்விஃப்ட்டின் நிச்சயதார்த்தப் படங்கள் 2025 ஆகஸ்ட்டில் இன்ஸ்டாகிராமில் வந்ததில் இருந்து, மாப்பிள்ளை டிராவிஸ் கெல்சியைத் தெரியாதவர்கள் குறைவு. அமெரிக்கன் ஃபுட்பாலில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் நட்சத்திரம். பந்தைப் பிடிப்பார், ஓடுவார், டச் டவுன் போடுவார், ஆடுவார். கேமரா கூடவே ஓடும்.

அவருக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். ஜேசன் கெல்சி. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணிக்காக 13 சீசன் ஆடியவர். தொடர்ச்சியாக 156 ஆட்டங்களில் தொடக்கத்திலேயே களமிறங்கியவர். 2018 பிப்ரவரியில் சூப்பர் பௌல் ஜெயித்த அணியில் இருந்தவர். அவர் வேலை என்ன தெரியுமா? குனிந்து, பந்தைத் தன் கால்களுக்கு நடுவே பின்னால் இருப்பவரிடம் கொடுப்பது. அடுத்த நொடியே எதிரில் நிற்கும் மலை போன்ற மனிதரை முட்டித் தடுப்பது. அவ்ளோதான். இதையே 13 வருஷம் செய்தார். 2024 மார்ச்சில், கையில்லாத டி-ஷர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்து, 40 நிமிடங்களுக்கு மேல் அழுதுகொண்டே ஓய்வை அறிவித்தார்.

தம்பியின் வேலையைப் புரிந்துகொள்ள ஒரு ரீல்ஸ் போதும். அண்ணனின் வேலைக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை.

நமக்கு ஃபுட்பால் என்றால் மெஸ்ஸி, ரொனால்டோ. அமெரிக்கர்களுக்கு அது ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆடும் வேறு விளையாட்டு. ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்தை வீசுகிறவர் குவார்ட்டர்பேக். அவர் நிமிர்ந்து பார்த்து, யாருக்கு வீசுவது என்று முடிவெடுக்க இரண்டு, மூன்று நொடிகள் வேண்டும். அந்த நொடிகளை வாங்கித் தருவதற்காக அவருக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். அந்த வரிசைக்கு அஃபென்சிவ் லைன் என்று பெயர். நடுவில் சென்டர், இரு பக்கமும் கார்டு, இரு ஓரங்களிலும் டேக்கிள். வழக்கமான ஆட்டத்தில், முன்னால் வீசப்படும் பந்தைப் பிடிக்கக்கூட இவர்களுக்கு உரிமை கிடையாது. விதியே அப்படி.

ஓடியவருக்கு எத்தனை கெஜம், பிடித்தவருக்கு எத்தனை கேட்ச், வீசியவருக்கு எத்தனை டச் டவுன் என்று ஸ்கோர்கார்டில் எல்லாருக்கும் கணக்கு இருக்கிறது. இந்த ஐந்து பேருக்கு மட்டும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. இவர்கள் பெயரை நடுவரோ கமென்டேட்டரோ சொல்கிறார் என்றால், பெரும்பாலும் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். கரன்ட் இருக்கும்வரை லைன்மேனை யாரும் நினைப்பதில்லையே, அதே கதைதான். (இவர்களையும் அங்கே லைன்மேன் என்றுதான் சொல்கிறார்கள் என்பது தனி வேடிக்கை.)

இந்த வேலையின் முழு வடிவத்தையும் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டும் என்றால், கெல்சி சகோதரர்கள் வளர்ந்த கிளீவ்லேண்டுக்கே போகலாம். அந்த நகரத்து அணியான கிளீவ்லேண்ட் பிரௌன்ஸுக்கு 2007-ல் வந்து சேர்ந்தார் ஜோ தாமஸ்.

கல்லூரி ஆட்டக்காரர்களை என்.எஃப்.எல் அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாளுக்கு டிராஃப்ட் என்று பெயர். அந்த வருடம் முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் கோட்டு சூட்டோடு நியூயார்க் மேடைக்குப் போய் உட்கார்ந்திருந்தார்கள். தாமஸ் போகவில்லை. அப்பாவுடன் மிச்சிகன் ஏரியில் படகில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்த செய்தி அங்கேதான் போனது. வெளிச்சம் விழாத வேலைக்குப் பொருத்தமான ஆள்தான்!

அவர் ஆடியது லெஃப்ட் டேக்கிள். வலது கைக்காரரான குவார்ட்டர்பேக் பந்தை வீசத் திரும்பும்போது, அவருடைய இடது முதுகுப் பக்கம் அவருக்கே தெரியாது. அந்தப் பக்கத்தைக் காப்பவர்தான் லெஃப்ட் டேக்கிள். 1985 நவம்பரில் லாரன்ஸ் டெய்லர் என்ற தடுப்பாட்டக்காரர் மோதியதில், ஜோ தைஸ்மன் என்ற குவார்ட்டர்பேக்கின் கால் எலும்பு டி.வி நேரலையில் உடைந்தது. அவர் அதற்குப் பிறகு ஆடவே இல்லை. அந்த முதுகுப் பக்கத்துக்கு என்ன விலை என்பது அணிகளுக்கு மெள்ள மெள்ளப் புரிந்தது. சாண்ட்ரா புல்லக் ஆஸ்கர் வாங்கிய 'தி பிளைண்ட் சைடு' படத்தின் பெயருக்கும் இதுதான் அர்த்தம்.

தாமஸ் முதல் ஆட்டத்தில் இருந்து, தன் அணி பந்தோடு இறங்கிய ஒவ்வொரு முறையும் களத்தில் நின்றார். ஒரு முறைகூட வெளியே உட்காரவில்லை. 2017 அக்டோபரில் இடது கை ட்ரைசெப்ஸ் தசை கிழிந்து வெளியேறும் வரை இப்படி நின்றது 10,363 முறை. 167 ஆட்டங்கள், ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 62 மோதல்கள். அவர் முதுகுக்குப் பின்னால் மட்டும் சுமார் 20 குவார்ட்டர்பேக்குகள் மாறி மாறி வந்து போனார்கள். ஆடிய முதல் 10 சீசனும் நட்சத்திர ஆட்டமான புரோ பௌலுக்குத் தேர்வானார்.

அணி? 2016-ல் 16 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. 2017-ல் அதுவும் இல்லை, 16-ம் தோல்வி. அவருடைய 11 சீசனில் பிரௌன்ஸ் ஒரு முறைகூட பிளே ஆஃப் போகவில்லை. தன் வேலையை இவ்வளவு சரியாகச் செய்தும், ஒரு பிளே ஆஃப் ஆட்டம்கூட ஆடாமல் ஓய்வு பெற்றார். 2023-ல் ஹால் ஆஃப் ஃபேமில், தகுதி பெற்ற முதல் வருடமே சேர்த்துக்கொண்டார்கள்.

சாப்பிடுவதும் வேலை நேரம்தான்

ஆடும்போது தாமஸின் எடை சுமார் 140 கிலோ. அது அவர் உடம்பு தானாகப் போய் நின்ற எடை இல்லை. அதைத் தக்கவைக்க விழுந்து விழுந்து சாப்பிட வேண்டியிருந்தது என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகும் பீட்சா, பிஸ்கட், ஐஸ்க்ரீம், பால் என்று போய்க்கொண்டே இருக்கும். கேட்பதற்கு ஜாலியாக இருக்கிறது. ஆனால், வயிறு போதும் என்று சொன்ன பிறகும் வேலைக்காகச் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இந்த எடை எப்போதும் இருந்த வழக்கம் இல்லை. 1970-களில் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ ஆட்டக்காரர் ரொம்ப அபூர்வம். இன்று அந்த எடைக்குக் கீழே இருந்தால் லைன்மேன்களில் அவர் ஒல்லி. ஜேசன் கெல்சி 134 கிலோவுக்குக் கொஞ்சம் கூடவோ குறைவோ இருந்தார். 'சின்ன ஆள்' என்ற பெயர் 13 வருஷமும் அவரைத் துரத்தியது. மாற்றத்துக்கு ஒரு முக்கியக் காரணம், 1978-ல் வந்த விதி. பந்து வீசும்போது லைன்மேன்கள் கைகளை நீட்டி, உள்ளங்கையால் எதிராளியைத் தடுக்கலாம் என்று லீக் அனுமதித்தது. ஆட்டத்தில் பந்து வீச்சு அதிகரிக்க வேண்டும், டி.வி-யில் விறுவிறுப்பாக இருக்க வேண்டும் என்பது நோக்கம். நோக்கம் நிறைவேறியது. கூடவே, நகர்த்த முடியாத உடம்புக்கும் நீளமான கைகளுக்கும் மவுசு ஏறியது. விதிப் புத்தகத்தில் ஒரு வரி மாறியதும், ஒரு தலைமுறையின் சாப்பாட்டுத் தட்டு மாறிவிட்டது.

ஓய்வுக்குப் பிறகு தாமஸ் 20 கிலோவுக்கு மேல் குறைத்தார். மாவுச்சத்தைக் குறைத்தார், நீச்சல், சைக்கிள் என்று மாறினார். 'முன்பு - பின்பு' படங்கள் இணையத்தில் செம வைரல். இப்படிக் குறைத்த முன்னாள் லைன்மேன்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். எங்களைப் போன்ற லைஃப்ஸ்டைல் பக்கங்களுக்கு இது அல்வா மாதிரி மேட்டர். 'மன உறுதியால் 20 கிலோ குறைத்த வீரர்' என்று தலைப்பு வைத்து, டயட் அட்டவணையையும் போட்டுவிடலாம்.

எனக்கு அந்தத் தலைப்பு பொருந்துவதாகத் தெரியவில்லை. அந்த 20 கிலோ அவர் சோம்பலாலோ ஆசையாலோ ஏற்றிக்கொண்டது இல்லை. ஹெல்மெட், தோள் கவசம் மாதிரி அதுவும் ஒரு பணிக் கருவி. வேலை முடிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம். இதை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போய், சொந்த முயற்சியில் கழற்ற வேண்டும். சமையல்காரர், பயிற்சியாளர், நேரம், பணம் எல்லாம் இருக்கிறவருக்கே அது பெரிய வேலை. தாமஸ் பல மில்லியன் டாலர் சம்பாதித்தவர். மூன்று சீசனில் வெளியே அனுப்பப்பட்டவர் என்ன செய்வார்? ஒரு என்.எஃப்.எல் ஆட்டக்காரரின் சராசரி ஆயுள் மூன்று சீசன் சொச்சம்தான் என்று ஆட்டக்காரர்கள் சங்கமே சொல்லி வந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் மொத்தத் தொகைக்கும் பெரும்பாலும் உத்தரவாதம் கிடையாது.

கழற்ற முடியாதது

எடையையாவது குறைக்கலாம். தலைக்குள் நடப்பதை?

மைக் வெப்ஸ்டர். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் சென்டர். 'அயர்ன் மைக்' என்று பட்டம். நான்கு சூப்பர் பௌல் வெற்றிகள். 1990 வரை ஆடினார். அதன் பிறகு ஞாபக மறதி, குழப்பம், பணம் கரைந்தது, குடும்பம் பிரிந்தது. சில நாள்கள் தன் பிக்-அப் வண்டியிலேயே படுத்துக்கிடந்தார். 2002 செப்டம்பரில் இறந்தபோது வயது 50. பிரேதப் பரிசோதனை செய்த பென்னட் ஒமாலு, நைஜீரியாவில் இருந்து வந்த இளம் மருத்துவர். ஃபுட்பால் பைத்தியம் இல்லாதவர் என்பதால் மேசையில் கிடந்த பெயரைப் பார்த்து மிரளவில்லை. மூளையை எடுத்து ஆராய்ந்தார். குத்துச்சண்டை வீரர்களிடம் பார்த்திருந்த சி.டி.இ என்ற மூளைச் சிதைவு அதில் இருந்தது. 2005-ல் ஆய்வுக்கட்டுரை வெளியானது. அதைத் திரும்பப் பெறச் சொல்லி, லீக் அமைத்திருந்த மருத்துவக் குழுவினரே கடிதம் எழுதினார்கள்.

என்.எஃப்.எல் ஆட்டக்காரர் ஒருவரிடம் முதன்முதலில் கண்டறியப்பட்ட சி.டி.இ, ஓர் அஃபென்சிவ் லைன்மேனுடையது என்பதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. ஸ்டேடியமே 'ஐயோ' என்று கத்தும் பெரிய அடி இவர்களுக்கு அதிகம் விழுவதில்லை. விழுவதெல்லாம் ஆட்டத்துக்கு 60 முறை, பயிற்சியில் அதற்கும் மேல், சின்னச் சின்ன முட்டல்கள். மயக்கம் வராது, ஸ்ட்ரெச்சர் வராது, ரீப்ளேயும் வராது. அவை சேர்ந்து சேர்ந்துதான் சேதம் செய்கின்றன என்பதே இப்போதைய ஆய்வாளர்களின் கவலை.

2017 ஜூலையில் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு வந்தது. தானமாகக் கிடைத்த 111 முன்னாள் என்.எஃப்.எல் வீரர்களின் மூளைகளில் 110-ல் சி.டி.இ. இதை அப்படியே 'நூற்றுக்கு 99 பேருக்கு வரும்' என்று படிக்கக் கூடாது. ஏற்கெனவே அறிகுறி பார்த்துப் பயந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைக் கொடுத்திருக்கும். உயிரோடு இருக்கும்போது இதை உறுதி செய்யவும் வழியில்லை. அப்படியே தள்ளுபடி செய்தாலும், மிஞ்சுவது சின்ன எண் இல்லை.

அந்த ஆய்வு வெளியான இரண்டாவது நாள், பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் ஜான் அர்ஷல் ஓய்வை அறிவித்தார். வயது 26. மூன்றே சீசன். அவரும் அஃபென்சிவ் லைன்மேன். ஆடிக்கொண்டே எம்.ஐ.டி-யில் கணிதத்தில் பிஹெச்.டி படித்துக்கொண்டிருந்தார். 2015-ல் தலையில் அடிபட்ட பிறகு, கொஞ்ச காலம் உயர் கணிதம் செய்ய முடியாமல்போனதை அவரே சொல்லியிருக்கிறார். இன்று அதே எம்.ஐ.டி-யில் கணிதப் பேராசிரியர். அவருக்குப் போக இன்னொரு வாசல் இருந்தது. எத்தனை லைன்மேன்களுக்கு அப்படி இருக்கும்?

ஜோ தாமஸும் 2017-ல், ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, சின்னச் சின்ன மறதி வருவதாகப் பேசினார். தெரிந்தேதான் இந்த வேலைக்கு வந்தேன் என்ற தொனியில் பேசினாரே தவிர, புகாராகச் சொல்லவில்லை.

மாற்றமே இல்லை என்று சொல்ல முடியாது. 2022-ல் இருந்து பயிற்சி முகாமில் லைன்மேன்கள் ஹெல்மெட் மேல் பஞ்சு வைத்த உறை போடுவது கட்டாயமானது. 2024-ல் ஆட்டத்திலும் விரும்பினால் போடலாம் என்று அனுமதி வந்தது. சம்பளம் எங்கேயோ போய்விட்டது. 2024-ல் டாம்பா பே அணியின் லெஃப்ட் டேக்கிள் டிரிஸ்டன் வெர்ஃப்ஸ் போட்ட ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு 140 மில்லியன் டாலர். வருடத்துக்கு நம் கணக்கில் 200 கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்துக்கு ஆசைப்படுகிறவரைக் குறை சொல்ல நான் யார்?

2025 பிப்ரவரியில், டிராஃப்ட்டுக்கு முந்தைய உடல் அளவெடுப்புக்கு லூசியானா கல்லூரிப் பையன் வில் கேம்ப்பெல் வந்தார். உயரம் ஆறரை அடி, எடை சுமார் 145 கிலோ. கையின் நீளம் மட்டும் 33 அங்குலத்துக்கு அரை அங்குலத்துக்கும் குறைவான தூரத்தில் நின்றுவிட்டது. லெஃப்ட் டேக்கிளுக்கு இந்தக் கை போதுமா என்று வாரக்கணக்கில் டி.வி விவாதம். ஒரு மாதம் கழித்துக் கல்லூரியில் அளந்தபோது சரியாக 33. ஏப்ரலில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி நான்காவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்து, குவார்ட்டர்பேக்கின் முதுகுப் பக்கத்தை ஒப்படைத்தது. கையைப் பற்றிப் பேசியதில் கால்வாசிகூட அந்த 145 கிலோவைப் பற்றி யாரும் பேசவில்லை.