யாரிடம் அனுமதி பெற்றாய்?

சென்ற தவணையில், வன்னிப் பாடசாலையொன்றில், தமிழ்மொழித் தினப் போட்டிக்கு மாணவர்களைத் தெரிவு செய்துகொண்டிருந்தோம். பத்தாந் தரத்து மாணவனொருவன் மேசையைத் தட்டித் தாளமிட்டபடி தானே கட்டிய பாட்டொன்றைப் பாடினான். வாரந்தோறும் நுண்கடன் தவணைப் பணம் கேட்டுப் படலையில் வந்து நிற்பவனைக் கண்டு, தன் தாய் அடுப்படிக்குள் ஒளிந்துகொள்வதைப் பற்றிய பாட்டு அது. சுருதி சேரவில்லை, சந்தம் இடறிற்று. ஆயினும், கேட்டிருந்த பிள்ளைகள் எவரும் சிரிக்கவில்லை. அவர்களிற் பலருடைய வீட்டுக் கதையல்லவா அது!

நாம் செய்தது என்ன? "இதைப் பாடுவதற்கு யாரிடம் அனுமதி பெற்றாய்?" என்று கேட்டோம். பிறகு, இருபுறமும் மழித்து நடுவில் நிமிர்த்தியிருந்த அவனுடைய தலைமுடியைக் காட்டி, 'மேனாட்டுக் குப்பை' என்றோம். அவன் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். முடியின் மேற் பழியைப் போட்டுப் பாட்டைத் தண்டித்தோம் என்பதே உண்மை.

குப்பையென்று நாம் தூற்றிய அந்தக் கோலத்தை உலகறியச் செய்தவர்கள் பிரித்தானியாவின் 'பங்க்' இசை இளைஞர்கள். அவர்களுடைய வரலாற்றை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1976 ஆம் ஆண்டுப் பிரித்தானியாவை எண்ணிப் பாருங்கள். வேலையற்றோர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது. உலகின் பல பகுதிகளை ஒருகால் அடக்கியாண்ட அரசு, சர்வதேச நாணய நிதியத்தின் வாசலிற் கடன் கேட்டு நின்றது. 2023 இல் அதே நிதியத்திடம் கடன் பெற்ற நாட்டின் மக்களாகிய நமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. எதிர்காலம் தமக்கில்லை என்றுணர்ந்த இளைஞர்கள் கிற்றாரைக் கையிலெடுத்தனர். இரண்டு மூன்று சுரக்கூட்டுகளுக்கு மேல் அறியாதவர்கள் அவர்களிற் பலர். மான்செஸ்டரின் 'பஸ்கொக்ஸ்' குழுவினர் உற்றாரிடமும் நண்பரிடமும் 500 பவுண் கடன் வாங்கி, 1977 ஜனவரியிற் தம் இசைத்தட்டைத் தாமே வெளியிட்டனர். அதே ஆண்டில், அரசியின் வெள்ளிவிழாவை எள்ளி நகையாடிய 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' குழுவின் பாட்டை ஒலிபரப்புவதற்கு பி.பி.சி. மறுத்தது. மறுத்தும், அது விற்பனை வரிசையில் இரண்டாம் இடத்துக்கு ஏறிற்று. பேசுவதற்கு எவரிடமும் அனுமதி பெறவேண்டியதில்லை என்பதே பங்க் இசை உலகுக்கு விட்டுச்சென்ற முதுசொம்.

நமது முற்போக்கு நண்பர்கள் சிலர் இவ்விடத்தில் நம்மை மறிப்பார்கள். "அக்கலகமெல்லாம் எப்போதோ சந்தைச் சரக்காகிவிட்டதே!" என்பார்கள். மெய்தான். 2016 இல் இலண்டன் நகர முதல்வரின் ஆதரவுடனேயே பங்க் இசையின் நாற்பதாண்டு நிறைவு கொண்டாடப்பட்டது. அதனை வெறுத்து, 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' குழுவை வழிநடத்திய மல்கம் மக்லாரனின் மகன், தன்னிடமிருந்த பங்க் காலத்து உடைகளையும் பொருள்களையும் தேம்ஸ் நதியிற் படகொன்றில் வைத்துக் கொளுத்தினார். ஆனால், முதலாளித்துவம் விற்காத பொருள் எது? சே குவேராவின் முகத்தையும் அது சட்டையில் அச்சிட்டு விற்கிறது. அதற்காக நாம் சே குவேராவைக் கைவிட்டோமா?

வேறொரு அபாயமே இதனிலும் பெரிது. யாருக்கு எதிராக என்ற தெளிவில்லாத கலகம் பாசிசத்தின் காலடியிலும் போய் விழக்கூடும். பங்க் இளைஞரிற் சிலர் அதிர்ச்சியூட்டுவதற்காக நாஜிகளின் சின்னத்தை அணிந்தனர். இனவெறிக் கட்சியான தேசிய முன்னணி அவ்விளைஞரிடையே ஆள் சேர்க்க முயன்றது. இனவெறிக்கு எதிராக 'இனவாதத்துக்கெதிரான ரொக்' என்னும் இயக்கம் 1976 இல் எழுந்திருந்தது. 1978 ஏப்ரல் 30 ஆம் நாள் அவ்வியக்கத்தின் அழைப்பிற் பல்லாயிரவர் விக்டோரியாப் பூங்காவுக்கு ஊர்வலமாகச் சென்றனர். அங்கே வெள்ளையரின் 'கிளாஷ்' குழுவும் கறுப்பினத்தவரின் 'ஸ்டீல் பல்ஸ்' குழுவும் ஒரே மேடையிற் பாடின.

மறு ஆண்டு, 1979 ஏப்ரல் 23 இல், ஆசிய மக்கள் நிறைந்த சவுத்ஹோலில் தேசிய முன்னணி கூட்டம் நடத்தியது. அதனை எதிர்க்கச் சென்றவர்களில் ஒருவரான பிளேயர் பீச் தலையில் அடிபட்டு இறந்தார். அடித்தவர் பொலீஸ்காரரே எனக் கருதத்தக்கதென்ற விசாரணை அறிக்கை 2010 இலேதான் வெளியிடப்பட்டது. பிளேயர் பீச்சின் தொழில் என்ன தெரியுமா? அவர் ஒரு பாடசாலை ஆசிரியர்! மாணவனின் தலைமுடியை அளக்கின்ற ஆசிரியராகிய நாம், அவர் பெயரையேனும் அறிந்திருக்க வேண்டாமா?

இவையெல்லாம் யாரோ அந்நியரின் கதையென்று ஒதுக்குவதற்கும் வழியில்லை. 'எம்.ஐ.ஏ.' எனப்படும் மாதங்கி அருள்பிரகாசம் யாழ்ப்பாணத்திற் சிறுபராயத்தைக் கழித்து, போரினால் இலண்டனுக்கு அகதியாய்ச் சென்றவர். 2007 இல் வெளிவந்த தம் இசைத்தொகுப்புக்குத் தாயின் பெயரைச் சூட்டி 'கலா' என்றார். குடிபெயர்ந்தோரைப் பற்றி 'கிளாஷ்' 1982 இல் வெளியிட்ட பாட்டின் இசையை எடுத்து, விசாவுக்குக் காத்துக்கிடப்போரின் குரலை அதன்மேல் ஏற்றி உலகெங்கும் ஒலிக்கச் செய்தார். 2020 இல் அரண்மனையிற் பதக்கமும் பெற்றார். அவருடைய பிற்காலக் கருத்துக்கள் பலவற்றோடு நமக்கு உடன்பாடில்லை. பதக்கம் பெற்றதையும் நாம் மெச்சவில்லை. ஆயினும், அத்தகைய பதக்கங்களைக் கையாற் தைத்த தொழிலாளி தம் தாயென்று அவர் சொன்னதை மறக்க முடியவில்லை. பதக்கத்தைக் காண்போர் பலர். தைத்த கையைக் காண்போர் யார்?

"நமக்கென்று மரபில்லையா? கலகத்தை வெளியிலிருந்து கற்க வேண்டுமா?" எனச் சிலர் கேட்கலாம். மரபு உண்டு. ஆனால் அதனை நாம் நடத்திய விதம் என்ன? பறையைச் சாவீட்டுக்கு மட்டும் அழைத்து, அடித்தவனைப் படலைக்கு வெளியே நிறுத்திய சமூகமல்லவா நாம்? மேசையிற் தாளமிட்ட அந்த மாணவனையும் வெளியேதான் நிறுத்தினோம்.

அனுமதி கேளாத குரலுக்கு வன்னி மண்ணிலேயே சான்றுண்டு. 2017 பெப்ரவரி 20 ஆம் நாள், காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிற் போராட்டத்துக்கு அமர்ந்தனர். அவர்களுக்கு மேடைப் பயிற்சியும் இல்லை, யாப்பிலக்கணமும் தெரியாது. நல்ல தமிழிற் பேசவில்லையென்று அவர்களைத் திருத்த நம்மில் எவருக்கேனும் துணிவுண்டா? அத்தாய்மாரின் பிள்ளைகளும் பேரர்களுமே நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு ஒழுக்கம் என்ற பெயரில் மௌனத்தைக் கற்பிப்போமாயின், நாம் ஆசிரியரல்லர், கடன்காரனின் காவற்காரர்.

ஆசிரிய நண்பர்களே! பட்டியலிலிருந்து நாம் நீக்கிய பெயரை மீண்டும் எழுதுவோம். மாணவத் தோழர்களே! தலைமுடியை எப்படியும் வைத்துக்கொள்ளுங்கள். அதுவே கலகமென்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அடுத்த தவணையில் அந்த மாணவன் மேடையேறட்டும். சந்தம் பிழைத்தாற் திருத்துவோம். அது நம் தொழில். ஆனால், அவன் தாயை அடுப்படிக்குள் ஒளியவைத்தது யார் என்ற கேள்வியில் ஓர் எழுத்தையும் திருத்தமாட்டோம்.